டோனருக்கு ராட்டர்டாமில் வரும் அட்டை

ஒவ்வொரு ஆகஸ்டிலும் ராட்டர்டாமில் என் தபால்பெட்டிக்கு ஓர் அட்டை வருகிறது. ஒரு பக்கம் சிரிக்கும் பூனை. மறுபக்கம், 'அன்புள்ள டோனர், உனக்குத் தடுப்பூசி போடும் நேரம் வந்துவிட்டது.' டோனர் ஒரு நாய். இந்த நாட்டில் அது கால் வைத்ததே இல்லை. சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில், என் மனைவியின் தம்பி சேகரின் ஜெராக்ஸ் கடையில், மிஷினுக்குப் பக்கத்தில் சூடாகப் படுத்திருக்கிறது. போன வருடம் அட்டையை நிறுத்தச் சொல்ல 'டீரன்ஆர்ட்ஸ்' இடத்துக்குப் போனேன். இங்கே விலங்கு மருத்துவருக்கு அப்படிப் பெயர். வரவேற்பிலிருந்த பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "போய்விட்டதா?" என்றாள். "இல்லை, அது இன்னும் வரவே இல்லை" என்றேன். அவள் நெடுநேரம் கணினியைப் பார்த்தாள். இறந்த நாயையும் வீடு மாறிய நாயையும் பதிவிலிருந்து எடுக்க அவர்களிடம் வழியுண்டு. வராத நாய்க்கு இல்லை. விதியில் இல்லாததைச் செய்யச் சொல்லி ஒருவரை வற்புறுத்துவது என் வழக்கமல்ல. துறைமுகத்தில் சரக்குகளுக்கு அனுமதி வாங்கித் தருவதிலேயே என் உத்தியோக காலம் கழிந்தது. வந்துகொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

2009இல் ஓய்வு பெற்றதும் ஆறேழு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று ஊருக்குப் போனேன். மனைவி காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ராட்டர்டாம் வீட்டில் பேச்சுத்துணைக்கு வானொலி மட்டும்தான். சேகர் வீட்டின் முன்பக்கமே கடை. கடைக்குப் பின்னால் ஒரு தெருநாய் குட்டி போட்டிருந்தது. இரத்தபேதி வந்து ஒவ்வொன்றாகச் செத்து, ஒன்று மட்டும் தேறியது. மிஷினில் ஊற்றும் தூளைப் போலக் கன்னங்கரேல் என்றிருந்ததால் ஹாஸ்டல் மாணவர்கள் டோனர் என்று கூப்பிட்டார்கள். பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டேன், இதை ராட்டர்டாமுக்குக் கொண்டுபோவது என்று. நடைமுறை எனக்குத் தலைகீழாகத் தெரியும். முதலில் தோலுக்கடியில் அடையாள எண் கொண்ட சிப். பிறகு வெறிநாய்த் தடுப்பூசி. ஒரு மாதம் கழித்து ரத்தம் எடுத்து ஐரோப்பிய ஆய்வகத்துக்கு அனுப்புதல். அதில் தேறினால் மூன்று மாதக் காத்திருப்பு. வரிசை மாறினால் மீண்டும் முதலிலிருந்து. சிப்பைத் தபாலில் வரவழைத்து, நாய் வருவதற்கு முன்பே டீரன்ஆர்ட்ஸிடம் பதிவும் செய்துவிட்டேன். முன்யோசனை உள்ளவர்களுக்குக் கிடைக்கும் பரிசுதான் அந்த அட்டை.

அதற்கெல்லாம் முன்னால் இரத்தபேதிக்கு இரண்டு தடுப்பூசி. முதல் ஊசியை நானே கொண்டுபோய்ப் போட்டு வந்தேன். இரண்டாவதற்குள் உலகமெங்கும் பன்றிக்காய்ச்சல். ஹாஸ்டல்கள் பாதி காலியாயின, ஜெராக்ஸ் மிஷின் குளிர்ந்துபோனது. அந்த நேரம் பார்த்து எனக்குச் சளி பிடித்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவர் தும்முகிறார் என்ற செய்தி எனக்கு முன்பே தெருவைச் சுற்றி வந்தது. சுகாதார ஆய்வாளர் வாசலுக்கு அப்பால் நின்றபடி, "ஒரு வாரம் வெளிய போவாதீங்க சார்" என்றார். இருமலோடு வருபவர்களை வீட்டில் அடைக்கும் விதி எனக்கும் பிடித்தமானதுதான். ஆனால் குட்டியின் ஊசி நாள் அந்த வாரத்தில் இருந்தது. இரத்தபேதி தெருவை விட்டு இன்னும் போகவில்லை.

சேகருக்கு நாய் என்றால் பயம். ஐம்பது வயதைத் தாண்டியவர், குட்டி குறுக்கே வந்தால் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்.

"மச்சான், நீதான் போவணும்" என்றேன், மூடிய கதவுக்குள்ளிருந்து.

"கடிச்சுதுன்னா, மாமா?"

"பக்கத்துலயே டாக்டர் இருப்பாரே."

"அவரு மாட்டு டாக்டரு. எனக்குப் போடற ஊசி மாட்டு ஊசியா இருந்தா?"

கடைசியில் ஒயர் கூடையில் துண்டு விரித்து, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கட்டி, வெடிகுண்டைத் தூக்குவது போலத் தூக்கிப் போனார். மதியம் திரும்பி வந்தபோது ஜன்னல் வழியே பார்த்தேன், மேல்கூடையைக் காணோம். குட்டி அவர் தோளில் இருந்தது. நெற்றியில் திருநீறு, கழுத்தில் கறுப்புக் கயிறு. கோயில் வழியாக வந்திருக்கிறார்கள். கதவுக்கு வெளியே நின்று சேகர் கதை சொன்னார். "அங்க கூட்டமே இல்ல மாமா. பன்னிக் காய்ச்சல் அங்கேர்ந்துதான் வருதுன்னு மாட்டக்கூட யாரும் ஓட்டியாரல. ஒரே ஒரு ஆளு உக்காந்திருந்தாரு. கையில ஆடும் இல்ல, கோழியும் இல்ல. என்னா சார்னு கேட்டா, அவருக்குத்தான் காய்ச்சலாம். பன்னி சீக்கு இவங்களுக்குத்தானே தெரியும்கறாரு."

"டாக்டர் என்ன செஞ்சாரு?"

"பெரியாஸ்பத்திரிக்குப் போவச் சொன்னாரு. அவரு அசையல. நம்ப டோனருக்கு ஊசி போடறப்ப அவருதான் தலையப் புடிச்சிக்கிட்டாரு."

நம்ப டோனர் என்று அவர் சொன்னதை அன்று நான் கவனித்திருக்க வேண்டும்.

எனக்கு வந்தது வெறும் சளிதான். அதன்பின் சிப், வெறிநாய் ஊசி, ரத்தம் எடுப்பது எல்லாவற்றுக்கும் கடலூரில் ஒரு தனி மருத்துவரிடம் போனோம். பஸ்ஸில் நான் முகமூடி போட்டுக்கொண்டால் போதும், மூன்று பேர் சீட் முழுக்க எங்களுக்குத்தான். கண்டக்டர் எட்ட நின்று கை நீட்டி டிக்கெட் கொடுப்பார். "மாஸ்க்கு உங்களுக்கு மட்டும்தானா சார், அவருக்கு இல்லியா?" என்று ஒருநாள் கேட்டார். டோனர் சேகரின் மடியில் இருந்தபடி ஜன்னலில் முகம் நீட்டிக் கடல்காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. நான் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். சேகர் கூப்பிட வேண்டியதில்லை. எழுந்தாலே அதுவும் எழும்.

புறப்படும் மாதம் நெருங்க நெருங்க சேகர் என்னிடம் சந்தேகங்கள் கேட்க ஆரம்பித்தார். "அங்க குளிரு ஜாஸ்தியாமே, மாமா? தயிர்சாதம் கெடைக்குமா? விமானத்துல சாமான் போடற எடத்துலயா வைப்பாங்க?" எதற்கும் என்னிடம் பதில் இருந்தது. சாமான் அறையில் வெப்பம் எவ்வளவு இருக்கும் என்பது வரை சொன்னேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, குட்டிக்குப் பொறை வாங்கப் போய்விடுவார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆய்வக முடிவு மின்னஞ்சலில் வந்திருந்தது. தேவையான அளவைவிட நல்ல முடிவு. காத்திருப்புக் காலமும் முடிந்தது. முத்திரைகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. என் வாழ்நாளில் அத்தனை சுத்தமான கோப்பை நான் தயாரித்ததில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குள் போய், "ரத்தம் சரியா வரல மச்சான். அந்த நாட்டு விதிப்படி இனிமே கொண்டுபோவ முடியாது" என்றேன். அப்படி ஒரு விதி எந்த நாட்டிலும் இல்லை. சேகர் மிஷின் மூடியைத் திறந்து உள்ளே எதையோ வெகுநேரம் தேடினார். "அப்பிடியா மாமா" என்றார், தலையை வெளியே எடுக்காமலேயே.

இப்போது அட்டை வந்ததும் போன் போடுவேன். சேகர் டோனரைக் கூட்டிக்கொண்டு கடலூருக்குப் போவார். இந்த முறை, எடுத்ததுமே, "போட்டாச்சு மாமா" என்றார். பிறகு சாதாரணமாக, "அந்த டாக்டரு அன்னிக்கே சொல்லிட்டாரு, ரத்தம் நல்லாத்தான் இருக்குன்னு. அவருக்கும் ஒரு நகல் வந்துதாம். நான் ஒண்ணும் கேக்கலியே" என்றார். மிஷின் ஓடும் சத்தமும் ஒரு குரைப்பும் கேட்டன. சிரித்தபடியே இருவரும் போனை வைத்தோம்.

டோனரின் பழைய கழுத்துவார் என் கோட்டுப் பையில் இருக்கிறது. மாலை நடைக்குப் போகும்போது பூங்காவில் நாய்கள் ஓடிவந்து அந்தப் பையை மோந்து பார்க்கின்றன. நேற்று ஒரு பெரியவர் தன் நாயை இழுத்துக்கொண்டே, "உங்களிடமும் 'ஹொந்த்' இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். எங்கே என்று என் பின்னால் எட்டிப் பார்த்தார். அண்ணாமலை நகரில் அப்போது இரவு பத்து மணி தாண்டியிருக்கும். "வீட்டில். இருட்டிவிட்டதல்லவா, தூங்கியிருக்கும்" என்றேன். பெரியவர் தலையை நிமிர்த்தி, ஆகஸ்டு மாத வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்த வானத்தைப் பார்த்தார்.