மேல் லைனில் ஒரு மாரியாயி

புனிதவல்லி மேடம் இறந்த செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். ஆசிரியர் குழுவில் முதல்வர் நான்கு வரி போட்டிருந்தார். கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். நடுவில் கேன்டீன்காரர், ஆய்வு நாளன்று மதியச் சாப்பாடு எத்தனை பேருக்கு என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்கும் இரண்டு பேர் கைகூப்பியிருந்தார்கள். மேடம் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். நான் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. உள்ளதைச் சொன்னால், அப்பாடா என்றிருந்தது. என் பஸ் வந்தது, ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

கல்லூரி மலருக்கு நீங்கள்தான் எழுத வேண்டும் என்று கேட்டார்கள். சமூகவியல் துறையில் இருந்ததே இரண்டு பேர். ஒரே அறை, ஒரே பீரோ, மழைக்காலத்தில் ஒரே ஹீட்டர். எங்களை நெருங்கிய நண்பர்கள் என்று நீங்கள் எல்லோரும் நினைத்திருந்தீர்கள். "நல்லவிதமா இரண்டு பக்கம் போதும் சார்" என்றார் மலர்க்குழுவில் இருக்கும் தம்பி. நல்லவிதமாக எழுதக்கூடிய ஆளைக் கேட்டிருக்க வேண்டும்.

மேடம் அன்பானவர் என்று இரங்கல் கூட்டத்தில் மூன்று பேர் பேசினார்கள். அன்பாவது ஒன்றாவது! கேத்தியில் கேரட் கழுவும் பெண்களைப் பற்றி ஒரு மாணவன் ஆய்வு எழுதிவந்தான். விடுதி அறையை விட்டு அவன் நகரவே இல்லை என்பது படிக்கும்போதே தெரிந்தது. 'அதிகாலைப் பனியில் அவர்கள் புன்னகையுடன் பணியைத் தொடங்குகின்றனர்' என்று ஒரு வரி. ஜனவரி மாதம். மேடம் ஒரு பக்கெட் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, வகுப்புக்கு முன்னால் வைத்தார். "கைய உள்ள வுடுங்க தம்பி. வுட்டுப்போட்டு அப்பிடியே புன்னகை பண்ணுங்க, பாக்கலாம்" என்றார். மணியடிக்கும்வரை அவன் கையை எடுக்க விடவில்லை. விரல்கள் வெளுத்துப்போய் அவன் அழுதான். அடுத்த வாரம் கேத்திக்குப் போனான். மேடம் இறந்த அன்று அவன்தான் பழைய மாணவர் குழுவில் முதல் ஆளாக 'என் தெய்வம்' என்று எழுதியிருந்தான்.

இவ்வளவு சின்னக் கலைக்கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் வெளியே போய் ஓர் ஆய்வு செய்தாக வேண்டும் என்று விதி வைத்தவர் அவர். ஆய்வு நாளன்று எல்லாக் கட்டுரைகளையும் சேர்த்து ஒரு புத்தகமாக அச்சடித்துக் கொடுப்போம். ஒரு வருஷம் வெளியூரிலிருந்து வந்த ஒரு நிபுணர், இந்த 'எளிய மக்களின்' வாழ்வைப் பதிவு செய்தது பாராட்டத்தக்கது என்று மேடையில் சொன்னார். மேடம் கீழே இருந்தபடியே, "எளிமையா இருக்குதுன்னு யாருங்க சொன்னாங்க? ஒரு வாரம் இருந்து பாத்துட்டு வாங்க" என்றார். நிபுணர் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். என்னை அப்போது 'வரதா' என்றுதான் கூப்பிடுவார். என்னைவிட எட்டு வயது மூத்தவர், அந்த உரிமை இருந்தது. "வரதா, அந்தாளு விட்டுட்டுப் போன வடையையும் நீயே எடுத்துக்க" என்றார்.

அதற்கு அடுத்த வருஷத்தை விட்டுவிட்டு இதை எழுத முடியாது.

கௌசல்யா என்று ஒரு மாணவி. சிலோனிலிருந்து திரும்பிவந்த குடும்பம். கோத்தகிரிக்குக் கீழே ஓர் எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருப்பின் கீழ் லைனில் வீடு. மருந்தடிக்கும் நாட்களில் கொழுந்து பறிக்கும் பெண்களின் உடல்நலம் பற்றி எழுதினாள். வழிகாட்டி நான். நல்ல கட்டுரை. அதில் ஒரு பெண் சொல்கிறார்: மருந்தடித்த மறுநாளே அதே இடத்தில் சூப்பர்வைசர் எங்களை இறக்கிவிடுகிறார், வாந்தி எடுத்தால் நடிப்பு என்கிறார், அந்த ஆளுக்கு முதலில் அந்த மருந்தைக் குடிக்கக் கொடுக்க வேண்டும். சொன்னது கௌசல்யாவின் சொந்த அத்தை. பெயரை மறைக்க வேண்டுமல்லவா? அது ஆய்வு முறை. அவள் அந்த இடத்தைக் காலியாக விட்டுக் கொண்டுவந்து, "என்ன பேருங்க சார் போடலாம்?" என்று கேட்டாள். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். "மாரியாயின்னு போடும்மா, தோட்டத்துப் பேரு மாதிரி இருக்கும்" என்றேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

மேல் லைனில் ஒரு மாரியாயி இருந்தார். தற்காலிகத் தொழிலாளி, அந்த மழைக்காலம் முடிந்தால் நிரந்தரம் ஆக வேண்டியவர். கௌசல்யாவுக்கு அவரை முகம் தெரியும், எல்லோரையும் போல அக்கா என்று கூப்பிடுவாள், பெயர் தெரியாது. புத்தகம் எப்படியோ எஸ்டேட் ஆபீசுக்குப் போய்விட்டது. சூப்பர்வைசர் படித்தார். மறுநாள் காலை மாரியாயியை வேலைக்கு எடுக்கவில்லை. மாதம் முடிவதற்குள் லைன் வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண் கடைசிவரை, நான் ஒன்றும் சொல்லவில்லையே என்று ஆபீஸ் வாசலில் கத்திக்கொண்டிருந்தாராம்.

கௌசல்யா ஓடிவந்தாள். "சார், நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க சார். பேரு நாங்களா வச்சதுன்னு சொல்லுங்க" என்றாள். எனக்குப் பயம். அந்த எஸ்டேட் முதலாளிக்குக் கல்லூரி நிர்வாகத்தில் ஆள் இருந்தது, என் வேலை அப்போது உறுதியாகவில்லை. "நீயே போய் விளக்கிச் சொல்லும்மா, உங்க ஊர்தானே" என்று அனுப்பினேன். போனாள். "அப்போ சொன்னது யாரு?" என்று கேட்டிருக்கிறார் சூப்பர்வைசர். மாரியாயியைக் காப்பாற்ற வேண்டுமானால் அத்தையைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அந்தப் பிள்ளை வாயே திறக்காமல் திரும்பிவந்தாள். அதன் பிறகு கல்லூரிக்கு வரவில்லை. கடைசிப் பரீட்சை எழுதவில்லை. திருப்பூரில் ஏதோ கம்பெனியில் இருப்பதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

மேடத்துக்குத் தெரிந்தபோது அறையில் நாங்கள் இருவர்தான். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "பேரு வெக்கிறது பெத்தவங்க வேலை. உங்களுக்கு அந்த வேலைய யாருங்க குடுத்தாங்க, சார்?" என்றார். சார்! அன்றோடு 'வரதா' போயிற்று. 'நீ' போயிற்று. அதற்குப் பிறகு அவர் இருந்த காலம் முழுவதும், அதே அறையில், அதே ஹீட்டருக்கு முன்னால், ஒரு நாள்கூட என் பெயரை அவர் வாயால் சொல்லவில்லை. "சார், சாவி." "சார், உங்க ஃபோன் அடிக்குதுங்க." உங்களுக்கெல்லாம் அது மரியாதையாகத் தெரிந்தது. ஒரு தீபாவளிக்கு நான் பொறுக்கமாட்டாமல், "மேடம், இன்னும் எத்தனை வருஷம்?" என்று கேட்டேன். "அந்தப் பொண்ணு பரீட்சை எழுதற வரைக்கும்" என்றார். கையில் என் வீட்டு முறுக்கு இருந்தது, கடித்தபடியே சொன்னார்.

அந்த வருஷத்திலிருந்துதான் நம் துறையின் வழக்கம் வந்தது. உங்களில் பலர் செய்திருப்பீர்கள், காரணம் தெரியாது. எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன், யாரைப் பற்றி எழுதினோமோ அவர் வீட்டுக்கே போய் முழுதும் வாசித்துக் காட்ட வேண்டும். பிறகு, உங்களுக்கு என்ன பெயர் போடட்டும் என்று கேட்க வேண்டும். ஒருவர் டாக்டரம்மா பெயரைக் கேட்டார். ஒருவர் செத்துப்போன தன் மகளின் பெயரைச் சொன்னார். "என் பேரையே போடு சாமி, எனக்கென்ன பயம்" என்றவர்களும் உண்டு. ஒவ்வொரு ஆண்டும் இந்த வழக்கத்தை மாணவர்களுக்கு விளக்கும் பொறுப்பை மேடம் என்னிடம் கொடுத்தார். "சார் சொல்லுவாருங்க. சாருக்குத்தான் இது நல்லாத் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார். நான் பேசி முடிக்கும்வரை என்னையே பார்ப்பார். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே நான் அவரை வெறுத்தேன்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் ஒரு முறை பார்த்தேன். எலும்பும் தோலுமாகக் கிடந்தார். "என்னையப் பத்தி எழுதச் சொல்லுவாங்க சார். எழுதுங்க. அந்த வருஷத்த வுட்டுப்போட்டு மட்டும் எழுதாதீங்க" என்றார். சாகக் கிடக்கும்போதும் விடமாட்டேன் என்கிறாளே என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வெளியே வந்தேன். அதுதான் கடைசி.

காரியம் முடிந்தபின் அவருடைய மேசையை நான்தான் ஒழித்தேன். அந்த வருஷத்துப் புத்தகம் இருந்தது. மாரியாயி என்று அச்சான இடத்துக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்தில், 'கட்டபெட்டு, தண்ணித் தொட்டி பக்கம், தகர ஊடு' என்று இருந்தது. மறுநாள் போனேன்.

மாரியாயிக்கு இப்போது அறுபது இருக்கும். கேரட் காட்டிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். கல்லூரி என்றதுமே முகம் மாறியது.

"ஏனுங்க, அந்த டீச்சரம்மா அனுப்புச்சுங்களா?"

"அவங்க இறந்துட்டாங்க."

"செத்துருச்சா?" மீதித் தண்ணீரைக் காலில் ஊற்றினார். "போகட்டும். எம் பொழப்பக் கெடுத்தவ. அன்னிக்கு நான் சாமான எல்லாம் ரோட்டுல வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தனுங்க. வந்து நின்னு, அந்தப் பேர வச்சது நாந்தானுங்க, தப்பு என்னோடதுன்னு சொல்லுச்சு. ஆபீசுல போயும், யாரும் எங்கிட்ட அப்பிடிச் சொல்லல, நானாத்தான் கட்டி எழுதுனேன்னு சொல்லுச்சாமா. அவங்க கேக்கலீங்க. நான் மூஞ்சியிலயே துப்பிப்போட்டேன். தொடைக்கக்கூட இல்லீங்க அந்தம்மா. அப்பிடியே நின்னுச்சு."

நான் தண்ணித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க யாருங்க அதுக்கு?"

"கூட வேலை பார்த்தவன்."

"பேரு?"

"வரதராஜன்."

"பாருங்க, இத்தனை தூரம் வந்து சொல்லோணும்னு உங்களுக்குத் தோணுது. உங்கள மாதிரி நல்ல மனுசன் பக்கத்துல இருந்தும் அதுக்குப் புத்தி வரல" என்று சொல்லி எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். சூடாக இருந்தது. முழுவதும் குடித்தேன். அந்தம்மா இல்லை, நான்தான் என்று ஒரு வரி. அதைச் சொல்லாமல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வருகிறேன் என்று கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

மலர்க்குழுத் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். மாரியாயியைக் கேட்காமல் அவர் பெயரை இரண்டாம் முறையாக எழுதியிருக்கிறேன். ஆகவே இதை உடனே அச்சுக்கு அனுப்பாதீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை வரை பொறுங்கள். கட்டபெட்டுக்குப் போய், அந்தத் தகர வீட்டு வாசலில் நின்று, இதை முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்ட வேண்டும். என்ன பெயர் போடட்டும் என்று கேட்க வேண்டும். எதுவுமே போடாதே என்று அவர் சொன்னால் கிழித்துவிட வேண்டும். துப்பினால் துடைத்துக்கொள்ளாமல் நிற்க வேண்டும். மேடத்திடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அது ஒன்றுதான்.