பதினோரு நாற்காலிகள்

“பையக் குடு தம்பி, உனக்கெதுக்கு பாரம்” என்று என் சக்கர நாற்காலியில் தொங்கிய பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார் அண்ணன். என் போன் அதற்குள் இருந்தது.

கூடப் பிறந்தவர் அல்லர். சிங்கப்பூரில், புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் ஐந்தாம் மாடிக்காரர். ஞாயிறுதோறும் ஒரு கூட்டத்தைத் திரட்டி மலையேறப் போவார். வேலையிடத்தில் இரும்புச் சட்டம் விழுந்து எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போன பிறகு, வெளியே வா என்று கூப்பிட்ட ஒரே மனிதர் அவர்தான். புக்கிட் தீமாக் குன்றை மலை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எனக்கு அது மலைதான்.

தார்ச்சாலையில் முறைவைத்துத் தள்ளினார்கள். பாதியில் சாலை செங்குத்தாக ஏறியது, எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. “இங்கயே இரு லா, மேல போயி ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடுறோம்” என்று பிரேக்கை இறுக்கிவிட்டுப் போனார் அண்ணன். மேலே மழை பிடித்துக்கொள்ள, எல்லோரும் மறுபக்கப் படிகளில் ஓடி இறங்கியிருக்கிறார்கள். என்னை ஏற்றிவந்த வேனிலேயே நான் திரும்பியிருப்பேன் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டார்கள்.

குடையோடு இறங்கிய சீனப் பெரியவர் ஒருவர் நின்று, ஓகேவா என்று கேட்டார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். வறட்டுக் கௌரவம். அதன்பின் யாரும் வரவில்லை. பிரேக்கை எடுத்தால் உருண்டு சாக வேண்டியதுதான். சிறுநீரை அடக்கவும் எனக்கு வழியில்லை. மழை கழுவிக்கொண்டே இருந்தது.

அண்ணன் எப்போதும் ஆளை எண்ண மாட்டார். மலை முடிந்து தேக்காவில் ஒரு கடையில் வாழையிலைச் சாப்பாடு. சொல்லிவைத்த நாற்காலிகள் நிரம்பினால் எல்லோரும் வந்தாயிற்று என்று கணக்கு. அன்று நாங்கள் பன்னிரண்டு பேர். நான்தான் சொந்த நாற்காலியோடு வருகிறவனாயிற்றே என்று அவரே பதினொன்று போடச் சொல்லியிருந்தார். பதினொன்றும் நிரம்பின. சாப்பிட்டார்கள். ரசத்துக்கு வரும்போது அவர் தோளில் என் போன் அடித்திருக்கிறது. எடுத்தது நான் என்று நினைத்து அம்மா கேட்டாளாம், “சாப்பிட்டியாப்பா?”

என்னை விட்டுப்போய் மூன்று மணி நேரம் கழித்து, கைகூடக் கழுவாமல் ஓடிவந்தார். விரல்களில் சோறு காய்ந்திருந்தது. சாக்கு ஒன்றும் சொல்லவில்லை.

“உன்ன மறந்துட்டேன் தம்பி” என்று தார்மேல் மண்டியிட்டு அழுதார்.

“பரவால்லண்ணே” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

மூன்று வருடமாகிறது. அவர் என்னை மறுபடி கூப்பிடவில்லை. மின்தூக்கியில் பார்த்தால் எனக்கு வழிவிட்டுத் தரையைப் பார்க்கிறார். அம்மா பொறுக்கமாட்டாமல் கேட்டதற்கு, இனிமேல் ரிஸ்க் எடுக்க முடியாதும்மா என்றாராம். ஞாயிறு காலையில் புளோக்குக்குக் கீழே அவர்கள் கூடிச் சிரிப்பது எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்குத் தெளிவாகக் கேட்கும். நான் குளித்துச் சட்டை மாட்டிச் சன்னலோரம் இருப்பேன். அன்று மறந்து விட்டுப்போனார், அதை அங்கேயே மன்னித்துவிட்டேன். இப்போது வாராவாரம் நினைவோடு விட்டுப்போகிறார்.