மழையில் வீடு பார்ப்பவள்

வாங்கப்போகிற வீட்டின் சுவரில் ஓதம் ஊறியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் தொழில்; குன்னூரில் வீட்டு புரோக்கர்கள் என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள். துவைத்த துணி ஒரு வாரமாகக் காயாமல் தவித்தவர்களுக்கு ஓதம் என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. வெயில் நாளில் மலையில் எல்லா வீடும் அழகுதான். அதனால் மழை பெய்தால்தான் வருவேன் என்று கறாராகச் சொல்லிவிடுவேன்.

அந்த ஐப்பசியில் என்னைக் கூப்பிட்டவர் சண்முகம், டீ எஸ்டேட் கிளார்க். மாதக் கடைசியில் ரிட்டயர்மென்ட். அன்றே குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அவருக்கும் மனைவி சரஸ்வதிக்கும் போக வேறு இடம் கிடையாது.

புது பெயின்ட்

முதல் வீடு அருவங்காட்டில். பெயின்ட் வாசனை தெருவரை வந்தது. சுவரெல்லாம் பளபளவென்று இருக்க, சண்முகம் அப்போதே குடிவந்துவிட்டவர் மாதிரி சிரித்தார். மூலையில் நின்ற பீரோவை நகர்த்தச் சொன்னேன். கனம் அதிகம் என்றார் வீட்டுக்காரர். பிறகு சாவி இல்லை என்றார். நகர்த்துவதற்குச் சாவி எதற்கு?

நானும் சண்முகமும் தள்ளினோம். பீரோவை நகர்த்தச் சோம்பல்பட்டு அதைச் சுற்றியே பெயின்ட் அடித்திருந்தார்கள். பின்னால் பீரோ உயரத்துக்குக் கறுப்பாகப் பூசணம். வீட்டுக்காரர் கொஞ்சமும் அசரவில்லை.

"அது ஓதம் இல்லீங்க மேடம், பீரோவோட நெழலுங்க."

கதகதப்பான வீடு

இரண்டாவது வீடு வெலிங்டனில். வெளியே சாரல், உள்ளே மூன்று கரியடுப்பு. இந்த வீடு எப்போதும் இப்படித்தான் என்று வீட்டுக்கார அம்மா சத்தியம் செய்யாத குறை. சண்முகம் ஸ்வெட்டரையே கழற்றிவிட்டார். எனக்கே கொஞ்சம் சபலம் தட்டியது.

டீயும் முறுக்கும் வந்தன. சரஸ்வதி முறுக்கை ஒடித்தார். அது ஒடியாமல் வளைந்தது. இன்னொன்றை எடுத்தார், அதுவும் வளைந்தது. தட்டை மெல்லக் கீழே வைத்துவிட்டு என் காதருகே சொன்னார்:

"முறுக்கே இப்பிடி நமுத்துப் போற ஊட்டுல, என்ற மூட்டு என்னத்துக்குங்க ஆகும்?"

கேரட் பாத்தி

மூன்றாவது, எடப்பள்ளியில் சின்ன வீடு. அதற்குள் மாதம் முடிய பன்னிரண்டு நாள்தான் பாக்கி. பின்னறைச் சுவர் இடுப்புவரை கறுத்து, தொட்டால் விரல் நனைந்தது. அதைப் பார்த்துவிட்டு ஏற்கெனவே மூன்று பேர் ஓடிவிட்டார்களாம். சண்முகம் கிளம்பக் குடையை விரித்தார்.

நான் ரப்பர் பூட்ஸோடு சேற்றில் இறங்கி வீட்டைச் சுற்றி நடந்தேன். கூரை நன்றாக இருந்தது, மற்ற மூன்று சுவரும் காய்ந்திருந்தன. பின்பக்கம் சரிவிலிருந்து வருடக்கணக்காக இறங்கிய மண் ஜன்னல் மட்டத்துக்குச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அதன்மேல் வீட்டுக்காரர் கேரட் போட்டுத் தினமும் தண்ணீர் விட்டு வந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இரண்டு வீடுகளை வேண்டாம் என்ற அதே வாயால், மண்ணை வெட்டி எடுத்துக் கால்வாய் விட்டால் இதை வாங்கலாம் என்றேன். சொன்ன பிறகு இரண்டு நாள் தூக்கமில்லை. என் கணிப்பு தப்பினால் அவர்களுடைய முப்பத்தோரு வருட உழைப்பு போய்விடும்.

என்னை நம்பி வாங்கினார்கள். மண்ணை வெட்டினோம், கால்வாய் விட்டோம், பின்னறையில் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துச் சுவரைக் காயவிட்டோம். அவர்கள் முன்னறையில் குடிவந்தார்கள். அடுத்த ஆடியில் மழை பிடித்துக்கொண்டு விடாமல் அடித்தபோது போய்ப் பார்த்தேன். அந்தப் பின்சுவரில் கையை அழுத்தி வைத்தேன். பொட்டு ஈரமில்லை. புதுப் பூச்சின்மேல் அவர்களுடைய கல்யாண போட்டோ தொங்கியது. சரஸ்வதி கையில் சுத்தியலோடு நின்றிருந்தார்.

"குவார்ட்டர்ஸ்ல ஒரு ஆணி அடிக்கோணும்னாலும் மேனேஜர் கிட்டக் கேக்கோணுமுங்க மேடம். இத நானே அடிச்சனுங்க."

என் மூக்கும் விரலும்தான் என் தொழில் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். ஜெயித்துக் கொடுத்ததென்னவோ சேற்றில் வீட்டைச் சுற்றி வந்த என் கிழிந்த ரப்பர் பூட்ஸ்தான்.