ஒடுக்கு விழுந்த செம்பு

மாரில் கட்டி வந்து, அதை அறுத்தெடுத்து, அறுத்த இடத்தில் தினமும் எக்ஸ்ரே கரண்டு வைத்துப் பொசுக்கிக்கொண்டிருந்த ஒருத்தியைப் பார்த்து, 'கொடுத்து வைத்தவள்' என்று சொன்ன லயம் எங்களுடையது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஆட்களுக்குக் கட்டிய வரிசை வீடுகள்தான் லயம். லயத்துப் பெண்கள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் புருஷன் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறானாம், துணி துவைத்துப் போடுகிறானாம். அதனால் நல்லம்மாள் கொடுத்து வைத்தவளாம். மண்ணாங்கட்டி!

நான் அவளுக்கு அடுத்த வீடு. பெரிய ஆஸ்பத்திரியில் எனக்கு ஆயா வேலை. பெண் நோயாளிகளை எக்ஸ்ரே அறைக்குக் கூட்டிப் போய்த் திரும்பக் கூட்டி வருவதும் நான்தான். ஆகவே அந்தப் புருஷன் எப்படி நல்லவன் ஆனான் என்பது நல்லம்மாளைத் தவிர எனக்கு மட்டும் தெரியும்.

நல்லம்மாள் சேலம் பக்கத்திலிருந்து ஆயி அப்பனோடு கப்பலேறி வந்தவள். காப்பார் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே வளர்ந்தாள். அவளைப் பற்றி அந்தத் தோட்டத்தில் ஒரு கதை உண்டு. சின்னப் பெண்ணாக இருந்தபோது, ரப்பர்ப் பால் வாளியில் தண்ணீர் கலந்தது யார் என்று, வேலை வாங்குகிற மண்டோர் வரிசையாக எல்லோரையும் மிரட்டியிருக்கிறார். இவள் முன்னால் போய் நின்று, "எங்கப்பாதான்" என்றாளாம். அன்றைக்கு அப்பனுக்கு அரைக் கூலிதான் போட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் விளக்குமாறு பிய்ந்தது. அழுதுகொண்டே, "கேட்டாங்க, சொன்னேன்" என்றாளாம். வளர்ந்த பிறகும் அவள் அப்படித்தான். பொய் சொல்ல வாய் வராது. மிஞ்சிப் போனால் பேசாமல் இருப்பாள்.

அவள் புருஷன் கன்னையாவுக்கு எஞ்சின் கொட்டகையில் நிலக்கரி அள்ளும் வேலை. கல்யாணம் ஆனதும் அவளைக் கூட்டிக்கொண்டு எங்கள் லயத்துக்கு வந்தான். ஒரே மகள், அவளையும் காப்பாரிலேயே கட்டிக் கொடுத்துவிட்டார்கள். கன்னையா வேலையில் கெட்டிக்காரன்தான், இல்லையென்று சொல்லவில்லை. சம்பள நாளன்று மட்டும் கள்ளுக்கடையிலிருந்து வரும்போது அவன் வேறு ஆள். அப்படி ஒரு நாள் சோறு ஆறிப் போயிருந்தது என்பதற்காகப் பித்தளைச் செம்பைத் தூக்கி எறிந்தான். அது நேரே அவள் இடது மாரில் பட்டு, சுவரில் மோதிக் கீழே விழுந்தது. சத்தம் கேட்டு லயமே ஓடி வந்தது. "கை தவறிப் போச்சு" என்றான் கன்னையா. எல்லோரும் நல்லம்மாளைப் பார்த்தார்கள். அவள் ஒன்றும் சொல்லாமல் செம்பை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். செம்பின் வயிற்றில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒடுக்கு.

அடுத்த வருஷம் அதே பக்கத்தில் கட்டி.

சொல்லவில்லை, மறைத்துவிட்டாள். அது பெருத்துத் தோலை இழுத்துப் பிடித்த பிறகுதான் என் கையைப் பிடித்து வைத்துக் காட்டினாள். மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். வெள்ளைக்கார டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸர் தமிழில் சொன்னார்: எப்போதாவது அடி பட்டதா என்று கேட்கிறார்.

நல்லம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு என்ன பயம்? "புருஷன் செம்பால எறிஞ்சாங்க ஐயா" என்றேன். டிரஸர் அதைத் துரையிடம் சொன்னார். துரை தலையை ஆட்டிவிட்டு நிறையப் பேசினார்.

"இது அடியால வர்ற சீக்கு இல்லையாம். அடி படாதவங்களுக்கும் வருதாம். அந்தச் செம்புக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு சொல்றாரு" என்றார் டிரஸர்.

வெளியே மரத்தடியில் கன்னையா நின்றுகொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் ஓடி வந்தான். முகமெல்லாம் வேர்வை.

"என்னா புள்ள சொன்னாரு தொரை? அந்தச் செம்பு பட்டதுனாலதானே?"

நல்லம்மாள் வாயைத் திறந்தாள். நான் அவள் முழங்கையில் நறுக்கென்று கிள்ளினேன். திறந்த வாய் மூடிக்கொண்டது. அவ்வளவுதான். அவன் தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். "என்னால வந்துச்சு, என்னால வந்துச்சு" என்று ஆஸ்பத்திரி வாசலில் அழுதான்.

எனக்குக் கொஞ்சங்கூட இரக்கம் வரவில்லை. இப்போதும் சொல்கிறேன், நான் செய்தது சரிதான். அறுவைக்குப் பிறகு அவளுக்கு ஆள் வேண்டும். மகள் பிள்ளைத்தாய்ச்சி, வர முடியாது. குற்ற உணர்ச்சியிலாவது ஒருவன் உலை வைக்கட்டுமே!

வைத்தான். அன்றோடு கள்ளை விட்டான். அறுவை முடிந்து, புண் ஆறி, எக்ஸ்ரே கரண்டு ஆரம்பித்ததும் விடிவதற்குள் தண்ணீர் பிடித்து, கஞ்சி காய்ச்சி, ரிக்சாவில் அவளை ஏற்றி, வெயில் படாமல் மூடியை இழுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவான். நிலக்கரி படிந்த கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவாமல் அவள் பக்கத்தில் வரமாட்டான்.

அந்த அறையில் அவள் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். மாரில் ஊதா மையால் கட்டம் போட்டிருப்பார்கள். அந்த மை அழியக் கூடாது. ஆகவே குளியல் கிடையாது. ஈரத்துணியால் மற்ற இடங்களைத் துடைத்துக்கொள்ளலாம். எண்ணெய், மஞ்சள், விபூதி எதுவும் அங்கே படக் கூடாது. வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றாமல் இருந்ததே இல்லாத பெண், சாமி விளக்குப் பக்கம் போகவே கூசினாள். மேசையில் படுக்க வைத்து, பக்கத்துக்கு ஒரு மணல் மூட்டை வைத்து, மற்ற இடத்தை ஈயத் தகடு மாதிரி கனத்த துணியால் மூடிவிட்டு நாங்கள் வெளியே வந்து கதவைச் சாத்துவோம். உள்ளே மெஷின் உறுமும். மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அசதி வந்தது. ரிக்சாவிலிருந்து இறங்கி வீட்டுப் படி ஏறுவதற்குள் உட்கார்ந்துவிடுவாள். சோற்று வாடை வந்தாலே குமட்டும். அப்புறம் தோல் சிவந்தது, கறுத்தது, அக்குள் பக்கம் உரிந்து நீர் கசிந்தது. இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. தொண்டையில் முள் குத்துகிறது என்பாள். ரவிக்கை போட முடியவில்லை. அதைப் பார்த்த கன்னையா, பெட்டியிலிருந்த கல்யாண வேட்டியை எடுத்து, சரிகையைக் கிழித்துப் போட்டுவிட்டு, நாலு தரம் துவைத்து மிருதுவாக்கி அவளுக்குப் போர்த்தக் கொடுத்தான். கஞ்சியைத் துணியில் வடிகட்டி, ஆற்றி, மோர் விட்டுக் கொடுத்தான்.

இதற்கு நடுவே எதிர்வீட்டு லெட்சுமியின் கூத்து வேறு. கரண்டு வைத்த உடம்பைத் தொட்டால் நமக்கும் அடிக்கும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். நல்லம்மாளைப் பார்க்க வருவாள், ஆனால் சீனக் கடையில் வாங்கிய மரக்கட்டைச் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் வருவாள். கட்டையில் நின்றால் கரண்டு பாயாதாம்! நல்லம்மாள் வேண்டுமென்றே விரலை நீட்டி, "வா லெட்சுமி, தொடு" என்பாள். லெட்சுமி டக்டக்கென்று ஓடுவாள். சிரித்தால் தோல் இழுத்து வலிக்கும். வலிக்க வலிக்கச் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பும் போகப் போகக் குறைந்தது. புண்ணால்தான் என்று நினைத்தேன். இல்லை. ஒரு நாள் நான் அவள் புண்ணில் ஆஸ்பத்திரிப் பவுடர் தூவிக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"அக்கா, அது குடுக்குற கஞ்சி எறங்கலைக்கா. திருடித் திங்கிற மாதிரி இருக்கு."

"தொண்டை வெந்திருக்கு, எப்படி எறங்கும்?"

"தொண்டை இல்லக்கா. நான் வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அது இப்படி உருகாது. தெனமும் என் கால்மாட்டுல உக்காந்து 'என்னால, என்னால'ன்னு சொல்லுது. நான் கல்லு மாதிரி பார்த்துக்கிட்டு இருக்கேன். அதுக்குத்தான் சாமி என்னைய வேக வைக்குது."

"சாமிக்கு வேற வேலை இல்லையா? கரண்டு வச்சா எல்லாருக்கும் தோல் இப்படித்தான் ஆகும். நான் பார்க்காததா?"

"சொல்லிடட்டுமாக்கா?"

"சொல்லு! நாளைக்கே கள்ளுக்கடையில போய் உக்காருவான். உனக்குத் தண்ணி எடுத்துக் குடுக்க யாரு வருவா? லெட்சுமியா, கட்டையைப் போட்டுக்கிட்டு?"

அவள் பயந்துவிட்டாள். எழுந்து நிற்கவே சுவரைப் பிடிக்கிற நிலைமையில் யாருக்குத்தான் பயம் வராது? ஆனால் அவள் முகத்தைப் பார்த்து எனக்கும் நெஞ்சுக்குள் உறுத்தியது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

கரண்டு வைப்பது முடிந்தது. மெஷின் நின்றாலும் வேக்காடு நிற்காது, இன்னும் கொஞ்ச நாள் ஏறித்தான் இறங்கும் என்று டிரஸர் முன்பே சொல்லியிருந்தார். அப்படியே ஆயிற்று. அந்த நேரம் பார்த்துத் தைப்பூசம் வந்தது. கன்னையா விரதமிருந்தான். நாக்கிலும் கன்னத்திலும் அலகு குத்தி, பத்துமலைக் கோயிலுக்குக் காவடி எடுக்கப் போவதாக வேண்டுதலாம். ஊசி போடுவதைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்கிறவன் அவன்.

"உனக்கு வந்த நோவு என்னாலதானே? அதுல ஒரு கொஞ்சமாவது நானும் படணும் புள்ள" என்று அவளிடம் சொன்னானாம்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் காலை நான் பவுடர் டப்பாவோடு போனபோது, அவன் விசிறிக்கொண்டிருந்தான். நல்லம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினேன். அவள் விசிறியைப் பிடித்து நிறுத்தினாள்.

"இந்தா, கேளு. இது உன்னால வந்த சீக்கு இல்ல. அடியால வராதுன்னு தொரை அன்னைக்கே சொல்லிட்டாரு. நீ கேட்டப்ப நான் சொல்லலை. நீ பக்கத்துல இருக்கணும்னு சொல்லாம இருந்துட்டேன். உன்னைய ஏமாத்திட்டேன். எனக்காக நாக்குல குத்திக்காத."

சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. கன்னையா என்னைப் பார்த்தான். "நெசமாக்கா?" என்றான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆமாம் என்றேன்.

அவன் விசிறியைக் கீழே வைத்தான். எழுந்தான். அடுப்படிக்குப் போய் அந்த ஒடுக்கு விழுந்த செம்பை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

செம்பை எடுத்துக்கொண்டு அவன் போகிற இடம் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கள்ளுக்கடைக்கு அந்தச் செம்போடுதான் போவான்.

"போச்சு! சொன்னேனே, கேட்டியா? சத்தியவதி!" என்று கத்தினேன். பயத்தில்தான் கத்தினேன். நல்லம்மாள் கண்ணில் தண்ணீர் நின்றது. "போனா போவுதுக்கா. இப்பத்தான் மூச்சு வருது" என்றாள்.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவோம் என்று நான் வாசலுக்குப் பாய்ந்தேன். அங்கேயே நின்றுவிட்டேன். கன்னையா எங்கும் போகவில்லை. எதிரே குழாயடியில், பெண்கள் வரிசைக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புளியும் சாம்பலும் போட்டுச் செம்பை விளக்கிக்கொண்டிருந்தான். நல்லம்மாளும் சுவரைப் பிடித்துக்கொண்டே என் பின்னால் வந்து நின்றாள்.

"என்னாண்ணே, பொம்பளை வேலையெல்லாம் நீங்களே செய்றீங்க. நல்லம்மாக்கா குடுத்து வச்சவங்க" என்றாள் லெட்சுமி.

கன்னையா கையை நிறுத்தவில்லை.

"இந்தச் செம்பு கை தவறி விழுந்துச்சுன்னு உங்ககிட்டல்லாம் சொன்னேனே, அது பொய்யி. பார்த்துத்தான் எறிஞ்சேன். அவ மேல படணும்னுதான் எறிஞ்சேன்."

குழாயில் தண்ணீர் குடத்தை நிறைத்து வழிந்தது. அதை மூட யாருக்கும் தோன்றவில்லை. அவன் நாங்கள் நின்ற வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

"சீக்கு அடியால வரலைன்னு தொரை சொன்னாரு, சரி. நான் அடிக்கலைன்னு சொன்னாரா? நாளைக்குப் பத்துமலைக்கு இதுலதான் பால் கொண்டு போறேன்."

நல்லம்மாள் வேட்டித் துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வேண்டுமென்றே எறிந்தேன் என்று அவன் வாயால் அவள் கேட்டது அன்றைக்குத்தான். அழப்போகிறாள் என்று தோளைப் பிடித்தேன். அவள் அழவில்லை. தொண்டை வலியோடு, லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி அவனைப் பார்த்துச் சொன்னாள்:

"இன்னும் கொஞ்சம் புளி போட்டுத் தேயி. ஒடுக்குக்குள்ள கறுப்பு அப்படியே இருக்கு."