வளையல் இல்லாத இருபத்தாறு நாள்

நான் சத்தக்காரி. பிறந்த வீட்டிலும் அந்தப் பெயர்தான், வாக்கப்பட்ட வீட்டிலும் அந்தப் பெயர்தான். பாத்திரத்தை மெதுவாக வைக்கத் தெரியாது, கதவை மெதுவாகச் சாத்தத் தெரியாது. கையில் ஒரு டஜன் பச்சைக் கண்ணாடி வளையல் எப்போதும் கிடக்கும். நான் வருவது சந்து முக்கிலேயே தெரிந்துவிடுகிறது என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அப்படிப்பட்டவளை இருபத்தாறு நாள் வாயையும் கையையும் அடக்கி உட்கார வைத்தது ஒரு மூங்கில் குச்சி.

ஐம்பதுகளில் நடந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அவருக்குப் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் சோலி. நானும் மாமியாரும் கீழே போடியில் இருந்தோம். மாதம் ஒரு தடவை மலையிறங்கி வருவார். அந்த ஐப்பசியில் வரும்போது, பாதையோரம் வெட்டிவிட்டிருந்த மூங்கில் தூர் பாதத்தில் குத்தி, நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். சிராயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அன்றைக்கு எல்லா வீட்டிலும் செய்ததைத்தான் நாங்களும் செய்தோம். சாணிச் சாம்பலை வைத்து அழுத்திக் கட்டினோம். மேலுக்குக் காயம் ஆறிவிட்டது. பத்தாம் நாள் காலையில் சோற்றை வைத்தால் வாயைத் திறக்க முடியவில்லை என்றார். பல்வலி என்று நினைத்துக் கிராம்பைத் தட்டிக் கொடுத்தேன். என் புத்தியை என்ன சொல்ல. பொழுது சாய்வதற்குள் கழுத்து விறைத்து முதுகு வில்லாக வளைய ஆரம்பித்துவிட்டது.

ஏலக்காய் லோடு ஏற்றிப் போன லாரியில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது இப்போது எதற்கு? பஸ்சில் போனால் இரண்டு மணி நேரம் ஆகும். டாக்டர் ரணஜன்னி என்றார். பிழைப்பது பாதிக்குப் பாதி என்றும் சொன்னார். கடைசிக் கட்டிடத்தில் தனியாக ஓர் அறை, ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி. பட்டப்பகலிலும் உள்ளே போனால் கட்டில் எங்கே இருக்கிறது என்று தடவித்தான் பார்க்க வேண்டும். அங்கே முறை மாற்றி எந்நேரமும் ஒரு நர்சு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவர்களில் மூத்தவர் மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர், மலையாளம் கலந்த தமிழ். அவர்தான் சட்டத்தைச் சொன்னார். வெளிச்சம் பட்டால் இழுக்கும், சத்தம் கேட்டால் இழுக்கும், தொட்டால் இழுக்கும். ஓர் இழுப்பில் மூச்சே நின்றுபோகலாம்.

முதல் நாள் மத்தியானம் அவர் நெற்றி வேர்வையைத் துடைக்கக் கையை நீட்டினேன். வளையல் கட்டில் கம்பியில் பட்டது. கிண்ணென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மனுஷர் குதிகாலும் பிடரியும் மட்டும் மெத்தையில் இருக்க, நடு உடம்பு அப்படியே மேலே எழும்பிவிட்டது. பல் நறநறவென்று அரைபட்டது. மூச்சு வரவில்லை. நர்சம்மா ஊசி போட்ட பிறகுதான் உடம்பு தளர்ந்து மூச்சு திரும்பி வந்தது. நர்சம்மா என்னைத் திட்டவில்லை. என் கையைக் காட்டி, கதவைக் காட்டினார்.

வராந்தாவுக்கு வந்து குழாயடியில் சோப்பைத் தேய்த்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மாமியார் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"புருசன் உசுரோட கெடக்கையில கையை மூளியாக்குறியே ஆத்தா. வேணாம், சொல்றதக் கேளு."

"கையில வளையல் கெடந்தா ஒங்க மகன் கெடக்க மாட்டாரு. எது வேணும் அத்தை?" என்று கேட்டேன். அப்படி நறுக்கென்று கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டேன்.

அந்த அம்மா என் மணிக்கட்டை விட்டார். வளையல்களை ஒரு மஞ்சள் துணியில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டார். நான் மெட்டியையும் கழற்றினேன். தாலியில் கோத்திருந்த குண்டுமணிகள் ஒன்றோடொன்று உரசக் கூடாதென்று ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன். பொட்டு வைக்கிற நினைப்பெல்லாம் எனக்கு வரவே இல்லை.

இருபத்திரண்டு நாள் அந்த இருட்டில் மாறி மாறி உட்கார்ந்தோம். தும்மல் வந்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடுவேன். அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. என் வாயே அவருக்கு எமன் என்று எனக்குள் பதிந்துபோயிற்று. நாங்கள் போன நாலாம் நாள், பக்கத்து இருட்டறையிலிருந்து ஒருவரைத் தள்ளுவண்டியில் முகத்தை மூடிக் கொண்டு போனார்கள். அந்த வண்டியின் ஒரு சக்கரம் கோணல், தரையில் இழுத்து இழுத்துப் போகும். 

இருபத்து மூன்றாம் நாள் காலையில் அதே வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. மாமியார் அதன் குறுக்கே விழுந்துவிட்டார். பிள்ளையைக் கைவிட்டுவிட்டார்கள் என்றே அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். இழுப்பு குறைந்திருக்கிறது, இனி இருட்டு வேண்டாம், பெரிய வார்டுக்கு மாற்றுகிறோம், இந்த அறைக்கு வேறொருவர் காத்திருக்கிறார் என்று நர்சம்மா அவசர அவசரமாகச் சொன்னார். எனக்குக் கடைசி வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது. இடம் வேண்டுமென்று எங்களைத் தள்ளுகிறார்கள், அவ்வளவுதானே.

பெரிய வார்டில் நாற்பது கட்டில். ஜன்னலெல்லாம் திறந்து கிடந்தது. எச்சில் சட்டியை உதைக்கிறவர், காறுகிறவர், தூக்குவாளியை நங்கென்று வைக்கிறவர், வெளியே பஸ்சு ஆரன், ஜன்னல் கட்டையில் காக்கை. ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் அவர் முதுகைப் பார்ப்பேன், வளைகிறதா என்று. அங்கே ஓர் ஆளுக்கு ஒரு நர்சு எந்நேரமும் உட்கார்ந்திருந்தார். இங்கே நாற்பது பேருக்கு ஒருத்தர், அவரும் அந்தக் கோடியில். இழுத்தால் யார் பார்ப்பது? நான் கூப்பிட்டு அவர் வருவதற்குள் என்ன ஆகும்? குணமாகித்தான் இங்கே வந்திருக்கிறார் என்று யார் சொன்னாலும் நம்ப முடியவில்லை. இருட்டறையில் இருந்தபோதுகூட அவ்வளவு பயந்ததில்லை. அவர் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்தேன். ஜன்னலில் துண்டைக் கட்டினேன். வார்டு முழுவதையும் உஷ், உஷ் என்று அடக்கிக்கொண்டே இருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் தேவாரம் என்ற ஊர்க்காரர் ஒருவர். சோளக்கொல்லையில் யானை துரத்தி, ஓடிக் கிணற்றில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டவர். ஒரு தரம் அவர் இருமினார், நான் முறைத்தேன். "தங்கச்சி, என்னையத் தொரத்துன ஆனைகூட இம்புட்டு வெரட்டல" என்றார். வார்டே சிரித்தது. எனக்கு அழுகைதான் வந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வெளிச்சத்தில் இருந்ததெல்லாம் பேயாகத் தெரிந்தது.

இருட்டறையில் கஞ்சி விட மூக்கில் போட்டிருந்த குழாயை வார்டுக்கு வந்ததும் எடுத்துவிட்டார்கள். பல் இடுக்கு வழியாகக் கஞ்சியைக் கரண்டியில் விடச் சொன்னார்கள். முதல் நாள் நாலு கரண்டி விழுங்கினார். மறுநாள் காலையில் கரண்டியைக் கொண்டு போனபோது அவர் கண் என் கையைப் பார்த்தது. அங்கேயே நின்றது. பிறகு கழுத்தைப் பார்த்தது, நெற்றியைப் பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டார். விட்ட கஞ்சி கடைவாயில் வழிந்தது. அதற்குப் பிறகு ஒரு வாய் உள்ளே போகவில்லை. கண்ணோரம் தண்ணீர் மட்டும் காதுப் பக்கம் இறங்கிக்கொண்டே இருந்தது.

வாய் மறுபடியும் பூட்டிக்கொண்டது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. இந்தச் சத்தம்தான் காரணம் என்றேன் நான். இந்த மூளிக் கைதான் காரணம் என்றார் மாமியார். மஞ்சள் துணியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். வராந்தாவில் குரலை உயர்த்தாமலே இரண்டு பேரும் சண்டை போட்டோம். அவர் வளையலைப் போடச் சொல்லி என் புருஷனைக் கொல்லப் பார்க்கிறார் என்று நான் நினைத்தேன். நான் போடாமல் அவர் பிள்ளையைக் கொல்கிறேன் என்று அவர் நினைத்தார். நாளைக்குள் விழுங்காவிட்டால் திரும்பக் குழாய்தான், திரும்ப இருட்டறைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். மறுபடி அந்த வண்டியில் போனால் அவர் திரும்பி வரமாட்டார் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

இருபத்தாறாம் நாள் காலையில் அந்த மூத்த நர்சம்மா வார்டுக்கு வந்தார். நான் ஜன்னலில் கட்டியிருந்த துண்டைப் பார்த்தார். என் ஸ்டூலில் உட்கார்ந்து, எதற்கு இவ்வளவு பேடி என்று கேட்டார். பேடி என்றால் பயம் என்று மலைச் சோலிக்குப் போகிறவர்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டினேன். வண்டி, காக்கை, தூக்குவாளி, முதல் நாள் வளையல், அந்த இழுப்பு, எல்லாம். 

நர்சம்மா எழுந்து, என் வீட்டுக்காரர் காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கிப் போட்டார். கட்டிலடியில் இருந்த எனாமல் பேசினை எடுத்து என்னிடம் காட்டினார். என்ன செய்யப் போகிறார் என்று புரிந்து நான் பாய்வதற்குள் அதைச் சிமெண்டுத் தரையில் போட்டுவிட்டார்.

நாற்பது கட்டிலும் திரும்பிப் பார்த்தது. தேவாரத்துக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் திடுக்கிட்டார், தூங்குகிற எந்த மனுஷரும் திடுக்கிடுகிற மாதிரி. கண்ணைத் திறந்தார். நான் முதுகைப் பார்த்தேன், கழுத்தைப் பார்த்தேன், தாடையைப் பார்த்தேன். பேசின் சுற்றிச் சுற்றி அடங்குகிற வரைக்கும் பார்த்தேன். இழுக்கவில்லை. 

இதை வண்டி வந்த அன்றைக்கே உனக்குக் காட்டியிருக்க வேண்டும், தப்பு என்னுடையது என்றார் அவர். அப்புறம் எதையோ யோசித்து, "ஆளோடு நீங்க ஆராவது பேசியோ?" என்று கேட்டார்.

நானும் மாமியாரும் அப்போதுதான் யோசித்துப் பார்த்தோம். பேசவில்லை. இருபத்தாறு நாளாக அவருக்கு என்ன நோய், எங்கே இருக்கிறார், பிழைத்துவிட்டாரா என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. எங்கள் பயத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், அந்தக் கட்டிலில் கிடந்தவருக்கும் பயம் இருக்குமே என்று தோன்றவில்லை.

நர்சம்மா குனிந்து அவர் காதருகே சொன்னார், நோய் இறங்கிவிட்டது, நீ பிழைத்துவிட்டாய், இன்னும் கொஞ்ச நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று. அவர் நம்பவில்லை. என் கையைத்தான் பார்த்தார். பல்லைத் திறக்காமலே, ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

"பெறகு... அவ கை... ஏன் மூளியா இருக்கு?"

 அவரே மேலே சொன்னார். நிறுத்தி நிறுத்தி, எச்சில் வழிய, சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"அந்த இருட்டுல... ஒன் வளையச் சத்தத்தத்தான் தேடிக்கிட்டுக் கெடந்தேன். ஒரே ஒரு தடவ கேட்டுச்சு. பெறகு கேக்கவே இல்ல. சரி, செத்துட்டோம்னு நெனச்சேன். இங்க வந்து கண்ணத் தொறந்தா... கையில இல்ல, கழுத்துல இல்ல. டாக்டரு சாக நாள் குறிச்சுட்டாரு... அதான் இப்பவே கழட்டிட்டாகன்னு..."

ஒரே ஒரு தடவை கேட்டது எது என்று எனக்குத் தெரியும். அவரை வில்லாக வளைத்த அந்தச் சத்தம். அதற்குத்தான் அவர் அத்தனை நாளும் காதைக் கொடுத்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

ரவிக்கைக்குள்ளிருந்து தாலியை இழுத்து வெளியே போட்டேன். மாமியார் மஞ்சள் துணி முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், அது இறுகிக் கிடந்தது. நான் பல்லால் கடித்து அவிழ்த்தேன். சோப்புப் போட்டுக் கழற்றியவை, இளைத்துப்போன கையில் தாமாகவே ஏறின. முதல் வளையலைப் போடும்போது பயந்துகொண்டேதான் போட்டேன், கண் அவர் முதுகின் மேலேயே இருந்தது. இரண்டாவது அதன் மேல் விழுந்து சத்தம் கேட்டது. ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவதைப் போட்டேன். தேவாரத்துக்காரர்கூட மூச்சுக் காட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு டஜனும் ஏறி முடிகிறவரை என் வீட்டுக்காரர் கண்ணை எடுக்கவில்லை.

"ஆட்டு" என்றார்.

கையை ஆட்டினேன். முதலில் மெதுவாக, அப்புறம் என் வழக்கப்படி. அவர் பல் வரிசை இரண்டும் மெல்ல விலகி, ஒரு விரல் நுழைகிற அளவுக்கு வாய் திறந்தது. கஞ்சியை விட்டேன், விழுங்கினார்.