பிரிக்காத பொட்டலங்கள்

நான் விமானத்துக்குப் பயந்து திரும்பி வரவில்லை. "பிளேனப் பாத்ததும் ஆச்சி நடுங்கிட்டாவளாம்லா" என்று இந்த வாசகசாலைப் பலகை முன் நின்று சிரிப்பவர்கள் இதைப் படிக்கட்டும்.

இன்று காலை திருவனந்தபுரம் விமான நிலையத்தில் பாதுகாப்பு அதிகாரி என் பெட்டியைத் திறந்தார்.

"இதெல்லாம் யாரம்மா கட்டினது?"

"எங்கள் தெரு."

துபாய்க்குப் போகிறவரிடம் அங்குள்ள தம் பிள்ளைகளுக்குப் பொட்டலம் கொடுத்தனுப்பாத வீடு தென்காசியில் உண்டா?

"உள்ளே என்ன இருக்கு?"

"பிறர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் எனக்கில்லை."

"அப்போ இப்பப் பிரிங்க."

மறுத்தேன். விமானம் போய்விட்டது. துபாயில் மகன் வீட்டில் பிறந்த பேத்தியை நான் இன்னும் பார்க்கவில்லை.

பொட்டலங்கள் முடிச்சு அவிழாமல் என் மேசைமேல் இருக்கின்றன.

கொடுத்தவர்களே, நான் பிரித்துக் காட்டியிருக்க வேண்டுமா? வாய்ப்பேச்சு ஊரில் ஏராளம். தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.