செவலைக்கு வாங்கிய கடன்

எனக்குப் பேச வராது. ஊமை இல்லை. நாலு பேர் முகத்தைப் பார்த்தால் நாக்கு உள்ளே போய்விடும். ஐந்தாவது வரை படித்தேன். வாத்தியார் கேட்கும் கேள்விக்கெல்லாம் சிலேட்டில் எழுதித்தான் காட்டுவேன். அவரும் பிரம்பை ஓங்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் விட்டுவிட்டார்.

சின்னாளபட்டிக்குப் பக்கத்திலிருந்து வேடசந்தூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தபோது எனக்குப் பதினேழு வயது. சீராக வந்தவை ஒரு பித்தளை அண்டா, இரண்டு குடம், ஒரு செவலைக் கிடேரி. அந்தக் கிடேரி பிறந்த மறுநாளே அதன் தாய் செத்துப்போனது. துணியைக் கஞ்சியில் நனைத்து, விரலில் சுற்றி, சப்ப வைத்து நான் வளர்த்தேன். அதனிடம் மட்டும் நான் நிறையப் பேசுவேன். வண்டிக்குப் பின்னால் ஒன்றரை நாள் நடந்து என்னோடு புகுந்த வீட்டுக்கு வந்தது. அதை வண்டியில் கட்டக்கூட இல்லை. நான் வண்டியில் இருந்ததே போதுமாக இருந்தது.

மாமியாரை அத்தை என்று கூப்பிட வேண்டும். அதையும் பெரும்பாலும் மனதுக்குள்தான் கூப்பிட்டேன். வீட்டில் அவர், என் வீட்டுக்காரர், பதினான்கு வயதில் ஒரு நாத்தனார். நாத்தனார் சோளப்பொரி மாதிரி ஓயாமல் பேசுவாள். வந்த ஒரு வாரத்தில் எனக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்தாள். கிணற்றடியில் மற்றப் பெண்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

செவலை சினைப்பட்டதும் அத்தைக்கு முகமே மாறிவிட்டது. டீக்கடையில் பால் ஊற்றுவதாகச் சொல்லி வைத்தார். பருத்திக்கொட்டை வாங்கிப் போட்டார். "நம்ம மாடு ஈனப் போகுது" என்று ஊரெல்லாம் சொன்னார்.

ஐப்பசியில் ஒரு காலையில் வலி கண்டது. உச்சிப்பொழுது ஆகியும் கன்று வரவில்லை. ஒரு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஊரில் மாடு பார்க்கிறவர் வந்து கையை விட்டுப் பார்த்தார். கன்று குறுக்கே கிடக்கிறது, தாலுகா டாக்டர்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தாயும் போய்விடும் என்று சொல்லிக் கையைக் கழுவினார்.

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒங்கப்பன் குடுத்த மாடுதான. நோஞ்சானைப் பாத்து நம்ம தலையில கட்டிப்புட்டாரு. அவரே வந்து செலவு பண்ணட்டும்."

என் வீட்டுக்காரர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "டாக்டரு சும்மா வருவாரா? காசு இருந்தாச் சொல்லு, ஒரு எட்டு போயிட்டு வாரேன்."

"ஏலே, கமலைக்கு நேரமாச்சு. அவ மாட்டுக்கு அவ பாத்துக்கிருவா. நீ போயித் தண்ணி எறவையப் பாரு" என்றார் அத்தை.

அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார். செவலை என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.

எங்கள் ஊரில் பெண்களுக்குக் கடன் கொடுக்கிற ஒரே ஆள் கடலைக்காரம்மா. விதைக் கடலை வியாபாரம் செய்தார். பத்துப் பெண்கள் அவர் கொட்டகையில் உட்கார்ந்து கடலை உரிப்பார்கள். நான் கொட்டகை வாசலில் போய் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

"என்னடி? ஒம் புருசனுக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சா?"

பெண்கள் சிரித்தார்கள்.

"மாடு" என்றேன்.

"மாட்டுக்கு என்ன?"

"கன்னு மாட்டிக்கிருச்சு."

"அதுக்கு நான் என்ன மருத்துவச்சியா?"

மறுபடி சிரித்தார்கள். நான் முப்பது ரூபாய் என்றேன். அவர் காதில் கையை வைத்தார். "கேக்கலையே. ஏத்தா, ஒங்களுக்குக் கேட்டுச்சா?" கேட்கவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். மறுபடி சொன்னேன்.

"இன்னொரு தரம் சொல்லு. மூணு தரம் வாய் விட்டுக் கேக்காதவளுக்கு நான் குடுக்கறதில்ல. பின்னால நான் எங்க கேட்டேன்னு சொல்லுவீக. இந்தா, இம்புட்டுப் பேரு சாட்சி."

மூன்றாவது முறை கத்தித்தான் கேட்டேன். என் குரலை அவ்வளவு உரக்க நானே கேட்டது கிடையாது. அவர் முந்தியை அவிழ்த்து எண்ணிக் கொடுத்தார். அடகு வேண்டாம், வட்டிக்கு வாரம் அரை மூட்டை கடலை உரித்துக் கொடுத்துவிட வேண்டும், அதற்கு மேல் உரிப்பதற்குக் கூலி போட்டு அசலில் கழித்துக்கொள்வேன் என்றார். நான் தலையை ஆட்டினேன்.

மாடு பார்க்கிறவரையே வண்டி பிடித்து அனுப்பி, டாக்டர் வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. தோள்வரை எண்ணெய் பூசிக்கொண்டு, கயிறு கட்டி இழுத்தார். கன்று செத்துத்தான் வந்தது. கிடேரிக் கன்று. தாய்க்குக் காய்ச்சல் கண்டு ஐந்து நாள் ஊசி போட்டார். கடைசி நாள் என்னிடம்தான் சொன்னார்: "அடுத்த ஈத்துக்கும் காய்ச்சல் வரும்மா. கண்டதும் ஊசி போட்டுறணும். ரெண்டு நாள் தள்ளுனா இந்த மாடு தாங்காது." டாக்டருக்கும் மருந்துக்கும் வண்டி வாடகைக்குமாக முப்பது ரூபாயும் சரியாகப் போயிற்று.

கன்று இல்லாமல் பசு பால் இறக்காது. அத்தை ஆள் விட்டு, செத்த கன்றின் தோலை உரித்து, வைக்கோல் திணித்துத் தைக்கச் சொன்னார். நாலு குச்சிதான் கால்கள். விடியற்காலை உப்புத்தண்ணீரை அதன் மேல் தெளித்து, செவலையின் முகத்துக்கு நேராக நான் பிடித்துக்கொள்ள வேண்டும். அத்தை கறப்பார். செவலைக்குத் தெரிந்ததா தெரியவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நக்கியது. பால் இறங்கியது. சில நாளில் தோல் நாற ஆரம்பித்தது. அப்போதும் நக்கியது. டீக்கடைக்குப் போனது போக மிச்சப் பாலில் அத்தை காப்பி போட்டுக் குடித்தார். "மாடு பொழைச்சதே நம்ம வீட்டு ராசிடி" என்று நாத்தனாரிடம் சொன்னார்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நான் கொட்டகைக்குப் போவேன். அங்கே ஒரு வழக்கம். உரிக்கிறவர்கள் கடலையை வாயில் போட்டுவிடக் கூடாது என்பதற்காக, பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் கடலைக்காரம்மா திரும்பிப் பார்ப்பார். எனக்குப் பேச வராதே. இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் என் தாடையைப் பிடித்து, வாயைத் திறக்கச் சொல்லி, விரலை விட்டுத் துழாவினார். ஒன்றும் இல்லை. அதற்கும் கோபம்.

"இவ மெல்லுறாளா முழுங்குறாளான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? இந்தா, வாய் நெறயத் தண்ணிய வெச்சுக்க. கடலையை அளந்து குடுத்துட்டுத்தான் துப்பணும்."

அன்றிலிருந்து நான் வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு உரித்தேன். கன்னம் உப்பி, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, கட்டைவிரல் நகம் பிளக்கப் பிளக்க உரித்தேன். நாத்தனாருக்கு அது பெரிய வேடிக்கை. வேலை இல்லாவிட்டாலும் கொட்டகைக்கு வருவாள். எதிரே குத்துக்கால் இட்டு உட்கார்ந்து, அவளும் கன்னத்தை உப்பிக்கொண்டு, செவலை கத்துவதுபோல் கத்துவாள். அத்தை கறக்கிற மாதிரி செய்து காட்டுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். ஒரு நாள் எனக்கே சிரிப்பு வந்து, தண்ணீர் உரித்த பருப்பின் மேல் கொட்டிவிட்டது. விதை நனைந்துவிட்டது என்று கடலைக்காரம்மா அன்றைக்கு உரித்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதன் பிறகு நாத்தனார் அதற்காகவே வந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு உரிக்கப் பழகினேன்.

அடுத்த தையில் நாத்தனாருக்குப் பழனிப் பக்கம் நெய்க்காரப்பட்டியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் மாடு கேட்டார்கள். அத்தை கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"வீட்டுல இருக்க பசு ஒண்ணுதான? ஓட்டிவிட்டுற வேண்டியதுதான்."

கடனில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. அன்றைக்கு அடுப்படியில் என் வீட்டுக்காரரிடம் அதைச் சொன்னேன். எத்தனை நாள் யோசித்து வைத்த பேச்சு. "மாடு போனா ஒனக்கு வேலை மிச்சம்தான" என்றார்.

செவலையை நான்தான் வண்டி வரை கொண்டுபோய் விட்டேன். இந்தத் தடவை வண்டியில் கட்ட வேண்டியிருந்தது. நாத்தனார் பட்டுச்சேலையில் வண்டிக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"மதினி, அந்த வைக்கக்கன்னையும் எடுத்துப் போடுங்க. அங்க போயி மக்கர் பண்ணுச்சுன்னா?"

எடுத்துவந்து பாத்திரங்களுக்கு மேலே வைத்தேன். டாக்டர் சொன்னதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வண்டி கிளம்பிவிட்டது.

கடன் தீர மேலும் ஒரு வருஷம் ஆயிற்று. தீர்ந்ததை நான் வீட்டில் சொல்லவில்லை. வட்டிக்கு உரிப்பதாகவே அத்தை நினைத்துக்கொண்டிருந்தார். பேசாதவளுக்கு இப்படி ஒரு வசதியும் இருந்தது. கூலி என் கைக்கு வர ஆரம்பித்தது. புளிப்பானைக்கு அடியில், துணியில் முடிந்து வைத்தேன். ஒரு வருஷத்தில் நாற்பது ரூபாய் சேர்ந்தது. அதை வைத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. செவலையைத் திரும்ப வாங்க முடியுமா என்று கூட ஒரு சமயம் நினைத்தேன்.

பங்குனியில் ஒரு நாள் நாத்தனார் பஸ்ஸில் வந்து இறங்கினாள். நான் கொட்டகையில் இருந்தேன். கடலைக்காரம்மா திண்டுக்கல்லுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தார். ஆனாலும் வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டுதான் உரித்துக்கொண்டிருந்தேன், பழகிவிட்டது. அவள் வாசலில் வந்து நின்றாள். மெலிந்து கறுத்திருந்தாள். தோடு இல்லை, காதுத் துளையில் ஈர்க்குச்சி சொருகியிருந்தாள்.

நின்றுகொண்டே இருந்தாள். அவ்வளவு பேசுகிறவளுக்கு வாய் வரவில்லை.

"என்னாத்தா, புகுந்த ஊட்டுல தொரத்தி விட்டுட்டாகளா?" என்று ஒருத்தி கேட்டாள்.

அவள் அதற்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். பழனிப் பக்கத்துப் பேச்சு ஒட்டியிருந்தது.

"மதினி, செவலை கன்னு போட்டுருக்குங்க. கன்னு நல்லாருக்கு. தாய்க்குத்தான் காய்ச்சலுங்க. நேத்துலயிருந்து தீனி எடுக்கல. தோட்டை வெச்சு ஒரு ஊசி போட்டாச்சு. இன்னும் நாலு போடணும்ங்கறாங்க. எங்க மாமியாரு, ஒங்கண்ணன் வீட்டு மாடு, அங்கயே போயிக் கேளுங்குது. அம்மாகிட்டக் கேட்டேன். கட்டிக் குடுத்தாச்சு, இனி அது ஒம்பாடுன்னுட்டாங்க."

நான் உரித்துக்கொண்டிருந்தேன்.

"ஒங்ககிட்ட ஏதாச்சும் இருந்தாக் குடுங்க மதினி. இருவது ரூவா போதுங்க."

நாற்பது ரூபாய் இருந்தது. டாக்டர் சொன்ன இரண்டு நாளில் ஒரு நாள் ஏற்கனவே போய்விட்டது என்பதும் எனக்குத் தெரியும். அந்த வட்டாரத்தில் அந்த மாட்டைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. எழுந்து ஒரு வாய்த் தண்ணீரைத் துப்ப வேண்டும், வீட்டுக்குப் போய்ப் புளிப்பானையை நகர்த்த வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பெண்கள் எல்லோரும் உரிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இத்தனை வயதில் எதற்கு மறைப்பது.

"நம்ம செவலைங்க மதினி" என்றாள். பிறகு, "இருவது ரூவாங்க" என்றாள்.

அது இரண்டாவது முறை. இன்னொரு தரம் கேட்டால் எழுந்து போய் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று இருந்தேன். நாற்பதையும் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். என்னை மூன்று தரம் கேட்க வைத்தார்கள். அவளும் கேட்கட்டும் என்று, பருப்பைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன்.

பக்கத்தில் இருந்தவள் சொன்னாள்: "அவதான் வாயில தண்ணிய வெச்சிருக்காளே. என்னத்தைச் சொல்லுவா. பாவம், அவகிட்ட ஏது காசு? ஒங்கம்மா குடுத்து வெச்சிருக்கா?"

நாத்தனார் கொஞ்ச நேரம் நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நாலு மணி பஸ்ஸ விட்டுட்டா அப்பறம் இல்லைங்க" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள். போய்விட்டாள்.

அவள் தெரு முனை திரும்புவது கொட்டகையிலிருந்து தெரியும். திரும்பும் வரை பார்த்தேன். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். வாயில் இருந்த தண்ணீரைத் துப்பாமல் விழுங்கிவிட்டு, அடுத்த பிடியை உரித்தேன்.

எட்டு நாள் கழித்து என் வீட்டுக்காரர் பழனிச் சந்தைக்குப் போய்விட்டு வந்தார். சோற்றில் கை வைத்துக்கொண்டே, "தங்கச்சி வீட்டு மாடு போயிருச்சாம்" என்றார். "நோஞ்சான்னு நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார் அத்தை. நான் வெஞ்சனம் எடுத்து வைத்தேன்.

அந்த நாற்பது ரூபாயை வெகுநாள் தொடவில்லை. பிறகு மூத்தவன் பிறந்தபோது ஏதோ செலவுக்குப் போயிற்று. என்ன செலவு என்று நினைவில்லை.

நாத்தனார் இப்போதும் வருகிறாள். எங்கள் இரண்டு பேருக்கும் பல் போய்விட்டது. அவள்தான் பேசுவாள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். என் மருமகள்களிடம் அந்தக் கதையைச் சொல்வாள்: "சொந்த அம்மாவே காசு இல்லைன்னு தொரத்துச்சு. எங்க மதினி மட்டும், கையில காலணா இல்லாட்டியும், எம் மொகத்தைப் பாக்க முடியாமக் குனிஞ்சுக்கிட்டு கண்ணுல தண்ணி விட்டாங்க. இருந்தாக் குடுத்துருப்பாங்க. அந்த மனசு யாருக்கு வரும்?"

கடலை உரித்தால் தூசி கண்ணில் விழும். எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர் வரும்.

இதைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன். அவள் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். மருமகள்கள் என்னைப் பார்க்கிறார்கள். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.